சுழற்சிப் பட்டியலில் இல்லாத பெயர்கள்

2020 மே 18, திங்கட்கிழமை. ஊரடங்கு தொடங்கி ஏறக்குறைய எட்டு வாரம் கழித்து, தமிழ்நாட்டின் அரசு அலுவலகங்கள் பாதிப் பணியாளர்களோடு இயங்கத் தொடங்கிய நாள் அது. அரசாணை தெளிவாக இருந்தது. பணியாளர்களை இரண்டு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழு இரண்டு நாள் வரும். அடுத்த இரண்டு நாள் மற்றக் குழு வரும். வேலை நாள் ஐந்திலிருந்து ஆறாகும். சனிக்கிழமையும் அலுவலகம் உண்டு. வீட்டில் இருப்பவர் கூப்பிட்டால் தொலைபேசியில் கிடைக்க வேண்டும். 'அ' பிரிவு அதிகாரிகள் எல்லா நாளும் வர வேண்டும்.

குறை சொல்ல முடியாத ஏற்பாடுதான். ஒரே அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் நோய் பரவும், ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆபத்து குறையும் என்று அரசு ஒப்புக்கொண்டது. அரசு ஊழியரும் மனிதர்தான், அவர் வீட்டிலும் வயதான தாய் தந்தையர் இருப்பார்கள் என்ற நினைப்பு அந்த ஆணையில் இருந்தது.

ஆனால் எந்த அலுவலகத்தையும் முதலில் திறப்பது கோப்பு பார்க்கிறவர் அல்ல. வட்டாட்சியர் அலுவலகமாகட்டும், ஒன்றிய அலுவலகமாகட்டும், பள்ளிக்கூடமாகட்டும், காலையில் முதல் ஆளாக வருகிறவர் பெருக்குகிறவர். கழிவறையைக் கழுவி, மேசையைத் துடைத்து, பிளீச்சிங் தூள் தூவிய பிறகுதான் மற்றவர்கள் வருவார்கள். சுழற்சி முறை இவருக்குப் பொருந்துமா? எழுத்தர்களில் பாதிப் பேர் வந்தாலும் கழிவறையை முழுதாகத்தான் கழுவ வேண்டும். கொரோனா காலத்தில் ஒரு நாளைக்கு ஒருமுறை அல்ல, இரண்டு மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது.

உள்ளாட்சியில் நிலைமை வேறு. மருத்துவம், காவல், வருவாய், உள்ளாட்சி ஆகிய துறைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே முழுப் பணி. அவற்றில் 'மீண்டும் திறப்பது' என்ற பேச்சுக்கே இடமில்லை. மூடினால்தானே திறப்பதற்கு? ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகும் இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். யாருடைய உயிருக்கு ஆபத்து என்று கணக்குப் போட்ட அந்தப் பட்டியலில், மிக அதிக ஆபத்தில் நின்றவர்களின் பெயர் இல்லை. அந்தப் பட்டியல் இன்னும் திருத்தப்படவில்லை. அதனால்தான் பேச வேண்டும்.

பனமலையில் பூட்டாத இடங்கள்

பனமலைக் குன்றின் மேல் இருக்கும் தாளகிரீசுவரர் கோயிலை நம் மாவட்டத்து மாணவர்கள் அறிவார்கள். இராசசிம்ம பல்லவன் காலத்துக் கட்டடம். சுவரில் மிஞ்சியிருக்கும் பல்லவர் ஓவியத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். 2020 மார்ச் மாத நடுவில் நாடு முழுவதும் தொல்லியல் துறையின் நினைவிடங்கள் மூடப்பட்டன. பள்ளிகள் மூடின. பேருந்து நின்றது. தமிழ்நாட்டில் எல்லாக் கோயில்களும் பொதுமக்களுக்குத் திறக்க செப்டம்பர் 1 ஆயிற்று.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கோயிலைப் பூட்டி வைக்கலாம். ஊராட்சியின் நீரேற்றும் மோட்டாரை ஒரு நாள் பூட்ட முடியாது. பனமலை போன்ற ஒரு கிராமத்தில் அந்த நாட்களில் அரசு என்று சொல்லிக்கொள்ள யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர், ஊராட்சியின் தூய்மைப் பணியாளர், வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலர், ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர், அவருக்குக் கீழே கிராம உதவியாளர், கிராம சுகாதாரச் செவிலியர். இவர்களில் குப்பையையும் சாக்கடையையும் தொட்டு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் யார், அவர்கள் வீடு ஊரின் எந்தப் பக்கம் என்பதை இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கள்ளக்குறிச்சி பிரியாத பழைய விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 29 விழுக்காடு. குப்பை வண்டி தள்ளுகிறவர்களிலும் 29 விழுக்காடுதானா என்று எந்த ஊரிலும் நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

மே முதல் வாரத்தில் நம் மாவட்டத்தின் நிலைமை தலைகீழாக மாறியது. சென்னை கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்களிலும் காய்கறி வெட்டி அடுக்கியவர்களிலும் விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள் ஏராளம். லாரியிலும் நடந்தும் ஊர் திரும்பிய அவர்களோடு நோயும் வந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் முகாம்களாயின. முகாமில் இருந்தவருக்குச் சோற்றுப் பொட்டலம் வேண்டும், கழிவறை வேண்டும், எச்சில் இலையை எடுக்க ஆள் வேண்டும். அந்த வேலை எந்தச் சுழற்சிப் பட்டியலிலும் வராமல் யார் தலையில் விழுந்தது என்பது ஊருக்குத் தெரியும்.

கேட்க ஆளில்லாத காலம்

நம் மாவட்டத்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. இதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களும் அவற்றின் தாய் மாவட்டங்களும் ஆக ஒன்பது மாவட்டங்களில் நடக்கவில்லை. விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் அதில் சேர்ந்தவை. நமக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். அதாவது முதல் அலையும் இரண்டாம் அலையும் ஓய்ந்த பிறகு.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகள் நம் ஊராட்சிகளை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் எத்தனை ஊராட்சியைப் பார்ப்பார்? பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி என்ற ஒன்று, அது வெறும் நாற்காலியாக இருந்தாலும்கூட, அந்த ஐந்து ஆண்டுகளில் இங்கே இல்லை. வார்டு உறுப்பினரும் இல்லை. கையுறை கேட்க வேண்டுமா, செத்தவர் குடும்பத்துக்குக் கடிதம் வாங்க வேண்டுமா, ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். பேருந்து ஓடாத நாட்களில் எப்படிப் போவது?

கிராம சபையும் நடக்கவில்லை. 2020 மே 1 ஊரடங்கில் போயிற்று. அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டங்கள் தொற்றைக் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் ரத்து செய்யப்பட்டன. அதே ஆண்டு மே 7ஆம் தேதி டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டதும், உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி மே 16இல் மறுபடி திறந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எதைத் திறப்பது என்பது நோய்க்கணக்கு மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு அல்ல. எது திறக்காவிட்டால் யாருக்கு நட்டம் என்ற கணக்கும் அதில் உண்டு. கிராம சபை திறக்காததில் நட்டப்பட்டவர்கள் கேள்வி கேட்க வேறு மேடை இல்லாதவர்கள்.

முதுகில் சுமந்த மருந்து

நோய் எங்கிருந்து தொற்றும் என்பதிலேயே தொடக்கத்தில் ஒரு குழப்பம் இருந்தது. தரை, கைப்பிடி, மேசை என்று தொட்ட இடத்திலெல்லாம் கிருமி இருக்கிறது என்ற அச்சம் முன்னால் நின்றது. அதனால் தெருத்தெருவாகக் கிருமிநாசினி தெளித்தோம். முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை அடித்துக்கொண்டு போனவர்கள் தூய்மைப் பணியாளர்கள். பலருக்கு முகத்தில் ஒரு துணி மட்டும்.

2020 மே மாதத்திலேயே உலக சுகாதார நிறுவனம் தெருக்களில் இப்படித் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மண்ணும் அழுக்கும் அந்த மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். நோய் தடுக்கும் பயன் கிடைக்காது. அடிக்கிறவரின் கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் கேடு. கொரோனா முக்கியமாக மூச்சுக்காற்றின் வழியே, காற்றோட்டம் இல்லாத மூடிய அறையில், கூட்டத்தில் பரவுகிறது என்பது பிறகு தெளிவாயிற்று. அலுவலகத்தில் சன்னலைத் திறந்து வைப்பதும், ஆட்களைக் குறைப்பதும், நல்ல முகக்கவசமும்தான் காப்பு. எழுத்தர்களைப் பாதியாகக் குறைத்த ஆணை அந்த வகையில் சரியானது. அதே அறிவு குப்பை வண்டியின் பக்கம் வரவில்லை. நோயாளி வீட்டுக் குப்பையை வெறுங்கையால் வாங்கியவர், அதே கையால் பயன் குறைந்த மருந்தைத் தெளித்தார். ஒருவருக்கு இரண்டு ஆபத்து.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மார்ச்சிலேயே கொரோனா கழிவுகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் மருத்துவக் கழிவு மஞ்சள் பையில் தனியாக வர வேண்டும். அதை எடுக்கிறவருக்குக் கையுறை, முகக்கவசம், பாதுகாப்புக் காலணி தர வேண்டும். அதற்கு முன்பே 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை கையாளும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் கொடுக்கச் சொல்லியிருந்தன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த விதி நகர உள்ளாட்சிகளையும், கணக்கெடுப்பு நகரங்களாக உள்ள ஊராட்சிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகளுக்கும் விக்கிரவாண்டி பேரூராட்சிக்கும் நேராகப் பொருந்தியது. ஒரு சாதாரணக் கிராம ஊராட்சியின் தூய்மைக் காவலரைக் காக்க அவ்வளவு நேரான வரி அதில் இருக்கவில்லை. நகரத்தில் உரிமையாக எழுதப்பட்ட கையுறை, கிராமத்துக்கு வந்தபோது அலுவலரின் நல்ல மனமாகிவிட்டது.

மதிப்பூதியம் என்னும் சொல்

தமிழ்ப் படித்தவன் என்ற முறையில் எனக்குச் சில சொற்கள் மேல் சந்தேகம் உண்டு. துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு 2020இல் மாற்றியது. பெயர் மாற்றத்தை வரவேற்போம். இழிவாகக் கூப்பிடுவதைவிட அது மேல். ஆனால் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். தூய்மைக் காவலர்களுக்குக் கிடைப்பது ஊதியம் அல்ல, மதிப்பூதியம். 2022இல் அது மாதம் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் 3,600. மதிப்பு என்ற சொல்லை முன்னால் சேர்த்துவிட்டால் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்தச் சொல் விளையாட்டு உயிரோடு தொடர்புடையது. பெருந்தொற்றின்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தொற்று ஏற்படும் ஆபத்து அதிகமுள்ள வேலையில் ஒருவருக்கு வரும் தொற்றுநோயைத் தொழில்சார் நோயாக அதன் மூன்றாம் அட்டவணையில் சேர்த்திருந்தது. அந்த வழியில் இழப்பீடு கேட்கப் போனால், மதிப்பூதியம் வாங்குகிறவர் தொழிலாளரா என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தக் கேள்வியைத் தாண்டினாலும் கணக்கைப் பாருங்கள். இறப்புக்கு இழப்பீடு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்கிக் கிடைக்கும் தொகை. சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 40 வயதுக்குரிய எண் 184.17. மாதம் 15,000 வாங்குகிற ஒருவர் இறந்தால் 13,81,275 ரூபாய். 3,600 வாங்குகிறவர் இறந்தால் 3,31,506 ரூபாய்.

ஒரே வயது. ஒரே நோய். ஒரே முகாமில் வேலை செய்திருக்கலாம். உயிரோடு இருந்தபோது குறைத்துக் கொடுத்த சம்பளம், இறந்த பிறகும் அந்தக் குடும்பத்தைத் தொடர்கிறது. கணக்குப் பாடம் படிக்கும் மாணவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

50 லட்சமும் 25 லட்சமும்

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2020 மார்ச் 26ஆம் தேதி ஒன்றிய அரசு அறிவித்த ஏழைகள் நலத் தொகுப்பில், சுமார் 22.12 லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு இருந்தது. மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்களும் ஒப்பந்த ஊழியர்களும் அதில் உண்டு. ஏப்ரல் 22ஆம் தேதி தமிழ்நாடு முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி, கொரோனா தடுப்புப் பணியில் இறக்கும் மருத்துவர், செவிலியர், காவலர், வருவாய்த் துறையினர், உள்ளாட்சி ஊழியர், தூய்மைப் பணியாளர் குடும்பங்களுக்கு 50 லட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் என்று அறிவித்தார். மருத்துவரும் தூய்மைப் பணியாளரும் ஒரே வரியில், ஒரே தொகையோடு நின்ற அபூர்வமான அறிவிப்பு அது. பின்னர் வந்த ஆணைகளில் தொகை 25 லட்சமாகக் குறைந்தது.

தொகையைவிடப் பெரிய சிக்கல் சான்றிதழ். நோய் உறுதியான ஆய்வகச் சான்று வேண்டும். கொரோனா பணியில் இருந்தார் என்று அவரை வேலைக்கு வைத்த அலுவலகம் எழுதித்தர வேண்டும். மாவட்டத் தலைநகரில் பணியாற்றிய ஒரு மருத்துவருக்கோ காவலருக்கோ இந்த இரண்டும் கிடைப்பது பெரிதல்ல. வாய்மொழியாக வேலைக்குச் சேர்க்கப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்கு வருகைப் பதிவே கிடையாது. காய்ச்சலோடு வீட்டிலேயே கிடந்து, பரிசோதனைக்குப் போகாமல் இறந்தவருக்கு ஆய்வகச் சான்று ஏது?

பணியில் இறப்பு என்பதற்கு யார் பொருள் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை உத்தரப் பிரதேசம் காட்டியது. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையின் நடுவில் அங்கே ஊராட்சித் தேர்தல் நடந்தது. தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 1,621 பேர் இறந்ததாக ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது. மாநில அரசு மூன்று பேர் என்றது. வீட்டிலிருந்து புறப்பட்டு வேலை முடித்து வீடு திரும்பும் வரைதான் பணி. அந்த நேரத்துக்குள் இறந்தால்தான் பணியில் இறப்பு என்பது அரசின் விளக்கம். கொரோனா தொற்றிய அன்றே யாரையும் கொல்வதில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். ஆசிரியர்கள் விடவில்லை. பணி நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இறந்தாலும் கணக்கில் வரும் என்று விளக்கம் மாறியது. மூன்று என்று சொன்ன அரசே 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 30 லட்சம் ரூபாய் கொடுத்தது.

மூன்றுக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு சங்கமும், பெயர் பெயராக எழுதிய ஒரு பட்டியலும். நம் மாவட்டத்தில் கொரோனா காலத்தில் இறந்த ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கு அப்படி ஒரு பட்டியலை யார் எழுதினார்கள்?

ஓய்வு வயதும் ஒத்திப்போன வேலையும்

2020 மே 7ஆம் தேதி இன்னொரு ஆணை வந்தது. அரசு ஊழியரின் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. வயது கூடக்கூட நோயின் கடுமை கூடும் என்று அரசே வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டிருந்த மாதத்தில், வீட்டுக்குப் போக வேண்டிய 58 வயதுக்காரரை இன்னும் ஓராண்டு அலுவலகத்தில் இருக்கச் சொன்னது அந்த ஆணை. ஓய்வூதியப் பணப்பயன்களை உடனே கொடுக்க வேண்டியதில்லை என்பது அரசுக்கு வசதி. ஏப்ரல் மாதமே அகவிலைப்படி உயர்வும் ஈட்டிய விடுப்பைப் பணமாக்குவதும் நிறுத்தப்பட்டிருந்தன.

இதன் இன்னொரு முனை நம் மாணவர்களைக் குத்தியது. ஓய்வு இரண்டு ஆண்டு தள்ளிப்போனால் காலியிடமும் தள்ளிப்போகும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு முன்னுரிமை, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்று இடஒதுக்கீடு இருக்கிறது. இடம் இருந்தால்தான் ஒதுக்கீடு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் படித்து முடித்து, தேர்வாணைய அறிவிப்புக்காகக் காத்திருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த இரண்டு ஆண்டுகளில் வயது வரம்பை நெருங்கினார்கள். அதே நேரத்தில் ஒப்பந்த வேலை மட்டும் பெருகியது. அதில் இடஒதுக்கீடும் இல்லை, கருணை அடிப்படை வேலையும் இல்லை.

அந்தக் காலத்தின் தொடர்ச்சியை 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பார்த்தோம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். கொரோனாவில் நகரத்தைத் துடைத்த கைகள் அவை. 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

பம்பாய் பிளேக் சொல்லும் பாடம்

1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, நோயாளிகளை வலுக்கட்டாயமாகப் பிடித்து மருத்துவமனையில் அடைக்கும் முறையை மாநகராட்சி தொடங்கியது. கொஞ்ச நாளில் அதைத் தளர்த்தியது. அதற்கு ஒரு முக்கியக் காரணம், ஹலால்கோர் என்று அழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் பயந்து நகரத்தை விட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம். அவர்கள் போனால் பம்பாய் ஒரு வாரம் தாங்காது என்று வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. மலம் அள்ளிய மக்கள் வேலையை விட்டுப் போகக்கூடும் என்ற நினைப்பே ஓர் அரசின் முடிவை மாற்றியது.

அந்தப் பிளேக்கில் பிறந்ததுதான் 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். 2020இல் நம்மை ஆண்டதும் அதே சட்டம்தான். சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் ஏழாண்டு வரை சிறை என்று 2020 ஏப்ரலில் அதில் ஒரு திருத்தம் வந்தது. சென்னையில் கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் உடலைப் புதைக்க விடாமல் கும்பல் தாக்கிய கொடுமைக்குப் பிறகு அந்தத் திருத்தம் தேவையாகவே இருந்தது. ஆனால் கையுறை தராத அலுவலகத்துக்கு, பரிசோதனை செய்யாத ஒப்பந்தக்காரருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அண்ணல் அம்பேத்கர் காலத்தில்தான், தொழிற்சாலைகளின் வார வேலை நேரத்தை 48 மணியாகக் குறைக்கும் சட்டத் திருத்தம் உருவானது. 2020இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டி குஜராத் அரசு ஒரு நாள் வேலையை 12 மணியாக்கியது. அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நோயைக் காட்டித் தொழிலாளியின் உரிமையைப் பறிக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது. ஊராட்சிக் குப்பை வண்டிக்குப் பின்னால் நடக்கிறவருக்கும் அது பொருந்தும் என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இடைவெளி யாருக்குப் புதிது?

அந்த நாட்களில் தெருவெல்லாம் 'சமூக இடைவெளி' என்று எழுதி வைத்தார்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடைவெளிக்கு அது சரியான பெயர். இரண்டு உடல்களுக்கு நடுவே விட வேண்டிய ஆறடிக்கு அது தவறான பெயர். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் உடல் இடைவெளி என்ற சொல்லுக்கு மாறியது. தமிழிலும் தனிமனித இடைவெளி என்று எழுதியவர்கள் இருந்தார்கள். தொடாதே, தள்ளி நில், தூக்கிப் போடு, மேலிருந்து ஊற்று என்பதெல்லாம் தலித் மக்களுக்குப் புதிதல்ல. குப்பையைக் கையில் கொடுக்காமல் வாசலில் வீசியவர்களுக்கு நோய் ஒரு நல்ல சாக்கு ஆயிற்று.

2021 சனவரி 16ஆம் தேதி நாட்டின் முதல் தடுப்பூசி, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஒரு தூய்மைப் பணியாளருக்குப் போடப்பட்டது. நல்ல காட்சி. கைதட்டியது, காலில் பூப்போட்டது, மாலை போட்டது எல்லாம் நல்ல காட்சிகளே. மாலை மாலைக்குள் வாடிவிடும். கையுறை, காப்பீடு, பணி நிரந்தரம் ஆகியவைதான் நிற்கும்.

அடுத்த முறை வருவதற்குள்

பெருந்தொற்று இன்னொன்று வராது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. வந்தால் அலுவலகத்தை எப்போது திறப்பது, எத்தனை பேரோடு திறப்பது என்று மறுபடி ஆணை போடுவார்கள். அதற்குள் செய்து முடிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, ஆபத்தின் அளவை வைத்துப் பட்டியல் போட வேண்டும், பதவியின் அளவை வைத்து அல்ல. குப்பை, கழிவறை, முகாம், இடுகாடு ஆகிய இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் சுழற்சி முறை வேண்டும். அதற்குக் கூடுதல் ஆட்களை எடுக்க வேண்டும். இருக்கிறவரையே இரண்டு மடங்கு வேலை வாங்குவது சுழற்சி ஆகாது.

இரண்டாவது, பாதுகாப்புக் கருவிகள் பற்றிய விதி எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் பெயர் சொல்லிப் பொருந்த வேண்டும்.

மூன்றாவது, பணியில் இறப்பு என்பதற்குத் தெளிவான பொருள் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். தொற்றுக் காலத்தில் அந்த வேலையில் இருந்தவருக்கு நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. இழப்பீட்டுத் தொகை வாங்கிய சம்பளத்தைப் பொறுத்து மாறக்கூடாது.

நான்காவது, நம் கையில் இருப்பது. ஒவ்வொரு தொழிலாளியிடமும் வேலையில் சேர்த்த ஆணையின் நகல், அடையாள அட்டை, சம்பளம் வரவான வங்கிப் புத்தகம், வருங்கால வைப்பு நிதி எண் ஆகியவை வீட்டில் இருக்க வேண்டும். வைப்பு நிதியில் பெயர் உள்ள ஒப்பந்தத் தொழிலாளி பணிக்காலத்தில் இறந்தால், அதோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்று 2021 ஏப்ரலில் உச்சவரம்பு உயர்த்தப்பட்டது. பலருக்கு எண்ணே தெரியாது. அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்கப் பட்டதாரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை; கைப்பேசி பார்க்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை போதும்.

2021 தேர்தலுக்குப் பிறகு நம் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவிக்கு வந்தார்கள். கிராம சபையும் கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகிற மாணவர்கள் ஒரு தீர்மானம் கேட்க வேண்டும். நம் ஊராட்சியில் தூய்மை வேலையும் குடிநீர் வேலையும் செய்கிறவர்கள் யார் யார், எப்போதிலிருந்து, என்ன சம்பளத்தில், என்ன பாதுகாப்போடு என்று பெயர் பெயராக எழுதிப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். 2020இலும் 2021இலும் வேலை செய்து நோயில் போனவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும். ஒரு பக்கத் தாள்தான். அந்தத் தாள் ஒவ்வோர் ஊரிலும் இருந்துவிட்டால், நாளைக்குச் சுழற்சிப் பட்டியல் போடுகிறவர் அந்தப் பெயர்களைத் தாண்டிப் போக முடியாது.